டிவிஷன்: வகுத்தலும் மீதியும்

புளியஞ்சோலையில் அய்யாறு ஓடும் பாறைகள் திருச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. அதே ஆறு ஆகாய கங்கையாக விழும் இடம் மேலே கொல்லிமலையில், நாமக்கல் மாவட்டத்தில். கீழே முசிறி கோட்டம், மேலே நாமக்கல் கோட்டம். 1997 ஜனவரி 1 வரை மேலே இருந்தது சேலம் மாவட்டம். தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது. மனுசனுக்குத் தெரிந்தே ஆகணும்.

'கோட்டம்' என்று நாம் எழுதுவது 'டிவிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான். அது தமிழுக்குள் ஒரே சொல்லாக வந்து சேரவில்லை. ஆபீசில் கோட்டம், பள்ளிக்கூடக் கணக்கில் வகுத்தல், மற்ற இடங்களில் பிரிவு. (கோட்டம் என்றால் கோணல் என்றும் பொருள் உண்டு. பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்தாரோ என்னவோ.) மூன்றும் ஒன்றல்ல. பாலைத்திணையின் உரிப்பொருளான பிரிவில் உறவு அறுவதில்லை. பிரிந்தவர் திரும்பும் வழி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. வகுத்தலில் உறவு என்ற பேச்சே கிடையாது. ஈவு வரும், மீதி நிற்கும்.

கொல்லிமலை மக்களான மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, மலைக்குரியவர்கள்) தம் வரலாற்றைப் பிரிவாகத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் காஞ்சியிலிருந்து வந்து ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்பது கதை. மலைக்குள்ளும் வளவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று பிரிவுகள் உண்டு. ஆனால் எந்த நாட்டுக்காரரும் அதனால் மலையாளி இல்லாமல் போய்விடவில்லை.

அரசு செய்தது வேறு. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி அமைந்த பழங்குடிப் பட்டியல், மலையாளிகளை ஆறு மாவட்டங்களில் மட்டும் அங்கீகரிக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இதில் வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற மாவட்டங்களே இன்று கிடையாது. செத்த மாவட்டத்துக்குப் பட்டியலில் உயிர் இருக்கிறது. அன்று கோவை மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலைக்கு அதில் இடமில்லை. 1979இல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டம், இன்றைய ஈரோடு, பிரிந்தபோதும் பட்டியல் அசையவில்லை. நாமக்கல் விஷயத்தில் மாவட்டப் பெயர் மாறியும் கொல்லிமலைக்காரரின் உரிமை பழைய சேலத்தின் பேரில் தொடர்ந்தது. பர்கூரில் அப்படிப் பிடித்துக்கொள்ளப் பழைய பெயரும் இல்லை. ஆக, ஒருவர் பழங்குடியா இல்லையா என்பதை அவர் குலமோ வாழ்முறையோ தீர்மானிக்கவில்லை. ஆங்கிலேயன் போட்டு, நாம் பத்திரமாகக் காத்த எல்லைக்கோடு தீர்மானித்தது. இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. நிலத்தை வகுக்கப் போட்ட கோட்டை அப்படியே மனிதர்கள் மேலும் போட்டுவிடும் அதிகாரச் சொல்லாடல் இது.

மீதியாக நின்றவர்களின் கணக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் தெரிகிறது. பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் குடியிருந்ததைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாதவர் 'பிற மரபுவழி வனவாசி' ஆகிவிடுகிறார். மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 25 ஆண்டு என்று 75 ஆண்டு வாசத்துக்கு அவர் சான்று தரணும். அதாவது 1930க்குப் போகணும். கொல்லிமலை மலையாளியிடம் கேட்காத அந்த 1930ஐ, பர்கூர் மலையாளி எந்தக் கோட்ட அலுவலகத்தில் போய்த் தேடுவார்?