பழம் படங்களில் நிற்கும் மோட்டார் கார்கள்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை மன்னர்க்கும் கோயில்களுக்கும் உரிய சான்றுகள். நம்மைப் போன்ற எளிய குடும்பங்களுக்கு எஞ்சியவை மிகச் சில: ஒரு ஜாதகக் கட்டு, மங்கிப்போன ஒரு நிலப்பத்திரம், நாலைந்து கடிதங்கள், தகரப் பெட்டியின் அடியில் பழந்துணியில் சுற்றிவைத்த பத்துப் பன்னிரண்டு புகைப்படங்கள். பிழைப்பின் பொருட்டு டெல்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்மவருள் பலருக்கு ஊரிலிருந்த வீடு கைமாறிவிட்டது. அடையாளம் சொல்லத்தக்க பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவிட்டனர். கரோல் பாகிலும் மாதுங்காவிலும் வாடகை வீடுகள் மாறுந்தோறும் நம்முடன் மாறாமல் வந்தவை அப்படங்களே. ஆனால் அவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் எழுதியிராது. எடுத்த ஆண்டு எது, நிற்பவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவார் இல்லை.

இத்தகைய படங்களை உற்றுநோக்கினால், பலவற்றில் ஒரு மோட்டார் கார் நிற்பதைக் காணலாம். கார் அரிதாக இருந்த காலத்தில் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்வது ஒரு பெருமை. திருமணம், தல யாத்திரை, மேலதிகாரியின் வருகை ஆகிய வேளைகளில் வாசலில் வண்டி வந்து நின்றால், படம் பிடிப்பவரும் உடன் அழைக்கப்பட்டார். ஆயினும் அந்தக் கார் வெறும் அலங்காரம் அன்று. காலம் சொல்லும் சாட்சி. வேட்டியும் சேலையும் தலைமுறைக்குத் தலைமுறை பெரிதும் மாறுவதில்லை. கோயில் கோபுரமோ மாறுவதே இல்லை. காரின் தோற்றம் மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அலுவலகக் கோப்புகளுடன் பழகியோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். தேதியிடாத ஒரு குறிப்பில் 1956ஆம் ஆண்டின் ஆணை ஒன்று மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அக்குறிப்பு 1955இல் எழுதப்பட்டிருக்க இயலாது. அவ்வாறே, படத்தில் உள்ள கார் எந்த ஆண்டில் முதன்முதலாக வெளிவந்ததோ, அதற்கு முன் அப்படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. நூல்களின் காலத்தை ஆராயும் புலவர்கள் மேலெல்லை என்று வகுப்பார்களே, அதுபோன்றதே இது.

காரை அடையாளம் காண விழைவோர் முதலில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். தொடக்க காலத்தில் இயந்திரமும் அடிச்சட்டமும் மட்டுமே கப்பலில் வந்து, மேற்கூடு இங்கேயே கட்டப்படுவதும் உண்டு. 1840இல் சென்னையில் தொடங்கப்பெற்ற சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டிய அனுபவத்தைக் கொண்டே மோட்டார் வண்டிகளுக்கும் கூடு கட்டியது. ஆதலால் கூட்டின் வடிவத்தை மட்டும் நம்பினால் குழப்பமே மிஞ்சும். ரேடியேட்டர், முகப்பு விளக்கு, சக்கரம், முன்கண்ணாடி ஆகிய நான்குமே நம்பத்தக்க உறுப்புகள்.

1930க்கு முற்பட்ட வண்டிகளில் ரேடியேட்டர் மறைப்பின்றி முன்னே நிற்கும். விளக்குகள் தனித்தனியே தண்டின்மேல் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரங்கள் பலவற்றில் கட்டைவண்டியைப் போல மர ஆரங்கள் இருக்கும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ வகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் ரேடியேட்டர் பித்தளையாய்ப் பளபளத்தால் அந்த வண்டி 1916க்குப் பிற்பட்டதன்று; கறுப்பாக இருந்தால் 1917 அல்லது அதற்குப் பிந்தியது. கறுப்பு வெள்ளைப் படத்திலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். ‘பேபி ஆஸ்டின்’ என்று நம் பெரியவர்கள் குறிப்பிட்ட ஆஸ்டின் செவன் 1922இல் அறிமுகமாகி 1939 வரை வெளிவந்தது. அருகில் நிற்பவரின் மார்பளவுக்குமேல் சற்றே உயர்ந்த மிகச் சிறிய வண்டியாயின் அதுவாக இருக்கலாம்.

1930களில் ரேடியேட்டர் கிரில்லுக்குப் பின்னே ஒளிந்துகொண்டது. அப்பத்தாண்டின் இறுதியில் விளக்குகள் தண்டிலிருந்து இறங்கி மட்கார்டுக்குள் புதையத் தொடங்கின. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டிகளை உருவாக்கத் தொடங்கியமையால், அக்காலப் படங்களில் செவ்ரலே கார்கள் மிகுதி. வில்முடிச்சு போன்ற அதன் சின்னத்தைக் கொண்டு எளிதில் அறியலாம். வண்டியின் பின்புறம் கொதிகலன் போன்ற ஓர் உருளை காணப்பட்டால் அது பழுதன்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது கரியை எரித்து வரும் வாயுவினால் வண்டி ஓட்டிய ஏற்பாடு. ஜீப்பாயின் முகப்பிலுள்ள நெடுந்துளைகளை எண்ணுக. ஒன்பது இருந்தால் போர்க்கால இராணுவ வகை; ஏழு இருந்தால் போருக்குப் பின் பொதுமக்களுக்கென வந்தது.

விடுதலைக்குப் பின் கதை வேறு. உள்நாட்டில் உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று 1953இல் அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் வெளியேறின. இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகியவற்றின் வண்டிகளே சாலைகளை நிறைத்தன. வகைகள் குறைந்தமையால் அடையாளம் காண்பது நமக்கு எளிதாயிற்று. மாரிஸ் மைனரின் முன்கண்ணாடி நடுவில் பிளவுபட்டிருந்தால் அது 1956க்குப் பிற்பட்ட உருவம் அன்று. இந்துஸ்தான் லேண்ட்மாஸ்டர் 1954க்கு முன் இல்லை. அம்பாஸடர் 1957க்கு முன் இல்லை. இரண்டும் உடன்பிறப்புகளைப் போன்றவை எனினும், அம்பாஸடரின் பின் மட்கார்டு நுனியில் சிறு துடுப்பு போன்ற எழுச்சி உண்டு. முகப்பு விளக்கின்மேல் இமை போன்ற விளிம்பும் உண்டு. கிரில்லில் சதுரக் கட்டங்கள் நெருங்கித் தோன்றினால் அது 1962-63இல் வந்த இரண்டாம் வகை. கூரிய விளிம்புகளுடன் இரண்டே கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் வந்தது. பிரீமியரின் வண்டிக்குப் பத்மினி என்ற பெயர் 1974இல் அமைந்தது. மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில்.

எண் பலகை தெளிவாக இருப்பின் நற்பேறு. மாநிலத்துக்கு ஈரெழுத்தும் வட்டாரத்துக்கு எண்ணும் கொண்ட இன்றைய முறை 1989இல் வந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் மூன்று எழுத்துகளும் எண்ணுமே இருந்தன. 1950, 60களின் படத்தில் ‘எம்.எஸ்.’ எனத் தொடங்கினால் சென்னை மாநிலத்து வண்டி. 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின் ‘டி’ எழுத்தில் தொடங்கும் வரிசைகள் வந்தன. ஊரில் எடுத்த படமா, பம்பாயில் எடுத்த படமா என்ற ஐயத்தை இவ்வெழுத்துகளே தீர்த்துவைப்பதுண்டு. படத்தில் ஓட்டுநர் சக்கரம் இடப்பக்கம் இருப்பின், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டார்களா என்று ஐயுறுக. ஆடவர் சட்டைப் பை வலமார்பில் தோன்றினால் அந்த ஐயம் உறுதியாகும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் இன்றியமையாதன. முதலாவது, கார் மேலெல்லையை மட்டுமே காட்டும். புதிய கார் பெற ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில் பழைய வண்டிகள் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடின. 1938ஆம் ஆண்டின் வண்டியுடன் 1960இல் படம் எடுத்துக்கொண்டவர் பலர். ஆகவே குழந்தைகளின் வயது, பின்புறம் உள்ள ஸ்டுடியோ முத்திரை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றுடன் ஒப்பிட்டே முடிவுக்கு வரவேண்டும். இரண்டாவது, அருகில் நிற்பவர் எல்லாம் உடைமையாளர் அல்லர். ‘தாத்தா கார் வைத்திருந்தார்’ என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளுட் பல, வாடகைக் காரையோ ஜில்லா அதிகாரியின் காரையோ சார்ந்தவை. மூன்றாவது, ஸ்டுடியோக்களில் பலகையில் வெட்டி வண்ணம் தீட்டிய கார்களும் இருந்தன. தரையில் சக்கரத்தின் நிழல் விழவில்லையாயின் சற்றே நிதானிக்க வேண்டும்.

இவ்வாராய்ச்சி பொழுதுபோக்கு மட்டும்தானா என்று வினவுவோர் உளர். டெல்லியில் எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு படம் இருந்தது. தேரடியில் நிற்கும் காரின்மேல் கை வைத்தபடி பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். 1952இல் காய்ச்சலில் இறந்த பெரிய அத்தை அவர் என்றும், அவருடைய படம் அது ஒன்றே என்றும் வீட்டார் நம்பியிருந்தனர். ஆண்டுதோறும் திதியன்று அதற்கு மாலை சாத்தினர். படத்தைத் துலக்கமாக அச்சிட்டுப் பார்த்தபோது, காரின் பின் மட்கார்டில் அந்தத் துடுப்பு தெரிந்தது. அது அம்பாஸடர். 1952இல் மறைந்தவர் 1957க்கு முன் இல்லாத வண்டியின் அருகில் எவ்வாறு நின்றிருக்க முடியும்?

இதைச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று வீட்டுப் பெரியவர் சில நாள் தயங்கினார். பிறகு கும்பகோணத்தில் மகனுடன் வாழும் எண்பது வயது கடந்த சின்ன அத்தையிடம் அப்படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அண்ணன் டெல்லிக்கு வரும்போது எடுத்து வந்த படம் அது. ஊரிலேயே இருந்துவிட்ட அந்த அம்மையார் அதை அறுபது ஆண்டுகளாகப் பார்த்ததே இல்லை. “இது நான்தானே! என்னை யாரும் கேட்கவில்லையே அப்பா” என்றாராம். வண்டி யாருடையது, எந்த உற்சவத்தன்று எடுத்தது என்பவற்றை எல்லாம் சொன்னார். படத்தின் ஓரத்தில், பாதி உடல் வெட்டுப்பட்டு நிற்கும் காக்கிச் சட்டைக்காரரின் பெயரையும் ஊரையும் சொன்னார். அவரே ஓட்டுநர், ‘பயப்படாமல் கை வை, தங்கச்சி’ என்று தைரியம் சொன்னவர்.

ஆக, இறந்தவருக்கென்று இருந்த ஒரே படமும் இல்லாமற் போயிற்று. இழப்பு உண்மையே. எனினும் உயிருடன் இருப்பவருக்கு மாலை சாத்தும் நிலை நீங்கிற்று. ‘அக்காவுக்கு என்னைவிட உயரம், வலப்புருவத்தில் ஒரு தழும்பு, பாடிக்கொண்டே கோலம் போடுவாள்’ என்று சின்ன அத்தை சொல்லச் சொல்ல, அவர்கள் எழுதிவைத்துக் கொண்டனர். வேறொருவர் முகத்தை அவர் முகம் என்று போற்றுவதைவிட, அவரைப் பற்றிய நான்கு மெய்யான வரிகள் மேலானவை அல்லவா?

காரின் பெயரையும் ஆண்டையும் நூல்களில் தேடி எப்போதும் அறியலாம். ஆயிரக்கணக்கில் உருவான பொருள் அது. அதனருகே நின்றவரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அதிலும் ஓட்டுநர், சமையற்காரர், வீட்டு வேலை செய்த பெண் ஆகியோர் பல படங்களில் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்களைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடியவர் ஒரே ஒரு முதியவராக இருக்கக்கூடும். ஆகவே சங்கத்து அன்பர்கள் அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தத்தம் படக்கட்டையும் எடுத்துச் செல்ல வேண்டுகிறேன். முதியோரிடம் காரைக் காட்டி, ‘இது யார் வண்டி?’ என்று பேச்சைத் தொடங்குங்கள். ஆளைப் பற்றிக் கேட்டால் தயங்குவோரும் வண்டியைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள். அவர்கள் சொல்வதை மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறம் எழுதுங்கள்: நிற்பவர் பெயர் இடமிருந்து வலமாக, ஊர், ஆண்டு, சொன்னவர் பெயர், சொன்ன தேதி. ஓரத்தில் நிற்பவரையும் விட்டுவிடாதீர்கள்.