சங்கு ஊதியதும் சைக்கிள்கள்

போன வாரம் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிக் குடைந்தபோது, அடியில் துணி சுற்றிய ஒரு பொருள் தட்டுப்பட்டது. அப்பாவின் சைக்கிள் விளக்கு. டைனமோ விளக்கு அல்ல, அதற்கும் முந்தையது. மண்ணெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றும் விளக்கு. பேரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ரோட்டுல எதைத் தாத்தா பார்க்க முடியும்?" என்றான். "ரோட்டைப் பார்க்க இல்லைடா, நம்மளை மத்தவங்க பார்க்க" என்றேன். சொன்ன பிறகு மனசு என்னவோ செய்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது அயனாவரத்தில். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். அடுத்த வருடம் அப்பா அங்கே ஃபிட்டராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் வடசென்னைக்காரர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை, சங்கு போதும். மாலையில் சங்கு ஊதியதும் கேட் திறக்கும். முதலில் பெல் சத்தம், பிறகு சைக்கிள்கள். பத்து, நூறு என்று எண்ணத் தொடங்கி விட்டுவிடுவோம். ரோடு முழுக்கக் காக்கிச் சட்டைகள், ஹேண்டில்பாரில் ஆடும் டிபன் கேரியர்கள். ரோட்டைக் கடக்க நினைப்பவர்கள் கால் மணி நேரம் ஓரமாக நிற்க வேண்டியதுதான். பெரம்பூர் பின்னி மில், ஆவடி, எண்ணூர், திருவொற்றியூர், அம்பத்தூர் என்று தொழிற்சாலை இருந்த இடமெல்லாம் இதே காட்சி. சென்னையை அன்று வேலைக்குக் கொண்டு சேர்த்ததில் பஸ், ரயிலோடு சைக்கிளுக்கும் பெரிய பங்கு உண்டு.

சுதந்திரத்துக்கு முன் சைக்கிள் கப்பலில் வந்து இறங்கும் சீமைச் சரக்கு. நாட்டிங்காமிலிருந்து ராலி, பர்மிங்காமிலிருந்து பி.எஸ்.ஏ., ஹெர்குலஸ். வக்கீல், டாக்டர், கொஞ்சம் வசதியான வாத்தியார், தபால் இலாகா போன்றவர்களிடம்தான் இருக்கும். 1949-ல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். 1951-ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலஸ் சைக்கிள்கள் வெளிவந்தன. அதே காலத்தில் வடக்கே சோனிபட்டில் அட்லஸ், வங்காளத்தில் அசன்சாலில் சென்-ராலி, 1956-ல் லூதியானாவில் ஹீரோ. சீமைச் சரக்கு என்ற பெயர் போய் சைக்கிள் நம் ஊர்ச் சரக்கானது. உள்ளூரில் செய்ததாலேயே உதிரி பாகமும் மூலைக்கு மூலை கிடைத்தது. ரிம், ஸ்போக்ஸ், ஃப்ரீவீல், பிரேக் கட்டை எது போனாலும் தெருமுனைக் கடையில் வேலை முடிந்துவிடும்.

அப்பா 1958-ல் வாங்கியதும் அம்பத்தூர் ஹெர்குலஸ்தான். கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். வீட்டுக்கு வந்த அன்று அம்மா மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். தினமும் ராத்திரி அப்பா அதைத் துடைத்துத்தான் படுப்பார். எனக்குத் தொட அனுமதி கிடையாது. அதனால் நான் கற்றுக்கொண்டது வாடகை சைக்கிளில். கடைக்காரர் சிலேட்டில் நேரம் எழுதுவார். அரை மணி என்று எடுத்துப் பத்து நிமிஷம் தாமதமானால் கணக்கில் வரும். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். முழங்காலில் இன்னும் இருக்கும் தழும்பு அந்தக் காலத்து ரசீது. உங்களில் பலருக்கும் அப்படி ஒரு ரசீது இருக்கும் என்று நினைக்கிறேன்.

சைக்கிளுக்குச் சட்டதிட்டங்களும் இருந்தன. அம்மாவின் ஊரான காஞ்சிபுரத்தில் நகராட்சிக்கு வருடா வருடம் சைக்கிள் வரி கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக ஒரு தகர வில்லை தருவார்கள். மாமா அதை ஹேண்டில்பாருக்குக் கீழே முறுக்கி வைத்திருப்பார். சென்னையில் நாங்கள் அதிகம் பயந்தது இரண்டு குற்றங்களுக்கு. ஒன்று டபுள்ஸ், இன்னொன்று விளக்கில்லாமல் போவது. இருட்டியதும் முக்கில் போலீஸ்காரர் நிற்பார். விளக்கு இல்லாதவனைப் பிடித்தால் அபராதம், அல்லது வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அப்பா ஒருநாளும் மாட்டியதில்லை. எதிர்க்காற்றில் திரி அணைந்துவிட்டால்கூட இறங்கி நின்று, கையால் மறைத்து, மறுபடி ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார். எனக்கு அது அநாவசியக் கெடுபிடியாகப் பட்டது. ஒருமுறை சித்தப்பா, "அண்ணே, போலீஸ்காரன் போயிட்டான், ஏறுங்க" என்றார். "போலீஸ்காரனுக்காகவா வெச்சிருக்கேன்? எதிர்ல லாரி வருது பாரு" என்றார் அப்பா.

அந்தக் கால உல்லாசமும் சைக்கிளில்தான். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து செங்குன்றம் ஏரி வரை மிதித்துப் போய் வருவோம். சயானி தியேட்டரில் படம் பார்க்கப் போனால் டிக்கெட் காசோடு ஸ்டாண்டு காசையும் எடுத்து வைக்க வேண்டும். படம் விட்டதும் நூற்றுக்கணக்கான கறுப்பு சைக்கிள்களில் நம்முடையதைத் தேடுவது தனிக் கலை. வருடத்துக்கு ஒருமுறையாவது மைதானத்தில் "ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டும் வீரர்" வருவார். வட்டமாகச் சுற்றிக்கொண்டே சாப்பிடுவார், குளிப்பார், சட்டை மாற்றுவார். ஸ்பீக்கரில் பாட்டு அலறும். கடைசி நாள் ஊரே கூடி அவர் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்தும். ராத்திரி மூன்று மணிக்கு இறங்கித் தூங்குவாரா என்று பார்ப்பதற்காக நானும் நண்பனும் ஒருநாள் கண்விழித்து உட்கார்ந்தோம். அவர் இறங்கவில்லை; நாங்கள்தான் தூங்கிவிட்டோம்.

1971-ல் "ரிக்‌ஷாக்காரன்" வந்தது. எம்.ஜி.ஆர். அதில் ஓட்டியது சைக்கிள் ரிக்‌ஷா. ஆனால் மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா அப்போதும் சென்னைத் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1973-ல் கலைஞர் ஆட்சியில் அது ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு மாறினார்கள். அதே 1973-ல்தான் ஜெமினி மேம்பாலமும் திறந்தது. ஒரே வருடத்தில் நடந்த இரண்டு காரியங்கள். ஒன்று கால்நடையாக வண்டி இழுத்தவனுக்குச் சக்கரம் கொடுத்தது. மற்றது, மோட்டார் நிற்காமல் போக இந்த ஊர் போட்ட முதல் பாலம். அன்று யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டோம்.

அந்தச் சமயத்தில் எனக்கு மவுண்ட் ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1974-ல் சைக்கிள் அட்வான்ஸுக்கு எழுதிப் போட்டேன். கடனை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அரசு ஊழியராக இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏழாவது ஊதியக் குழுவின் சிபாரிசுப்படி 2016-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடனில் வாங்கிய ஹெர்குலஸில் அயனாவரத்திலிருந்து புரசைவாக்கம், தாசபிரகாஷ், எழும்பூர் காந்தி இர்வின் பாலம், கமாண்டர்-இன்-சீஃப் ரோடு வழியாக ஸ்பென்சர் பக்கம் போய்ச் சேருவேன். பாலத்தில் ஏறும்போது மட்டும் நின்றுகொண்டு மிதிக்க வேண்டும். மற்றபடி மூச்சு வாங்காது. பஸ்ஸும் லாரியும் உண்டு. ஆனால் ரோட்டின் இடது பக்கம் எங்களுடையது. அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் அத்தனை பேர் இருந்ததே போதுமானதாக இருந்தது.

1970 வாக்கில் சென்னையில் மக்கள் மேற்கொண்ட பயணங்களில் சுமார் ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது என்று அரசின் போக்குவரத்துக் கணக்கு சொல்கிறது. 2008-ல் எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு ஆறு. நடுவில் என்ன ஆயிற்று?

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. சைக்கிளைப் போலவே இருக்கும், மிதிக்க வேண்டாம். இருவர் போகலாம், அரிசி மூட்டையும் போகும். 1984-ல் இண்ட்-சுஸுகி. தவணையில் கிடைத்தது. நானும் 1983-ல் ஒரு மொபெட் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், வெயிலில் சட்டை நனையாமல் அலுவலகம் போய்ச் சேர்ந்த முதல் நாள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரும் விரிந்தது. வில்லிவாக்கத்தில் வீடு, தரமணியில் வேலை என்றால் யார் மிதிப்பார்கள்? தொண்ணூறுகளின் கடைசியில் மேம்பாலங்கள் வரிசையாக எழுந்தன. பல சாலைகள் ஒருவழியாயின. மோட்டாருக்கு ஒரு சுற்று என்பது இரண்டு நிமிஷம். மிதிப்பவனுக்கு அது பத்து நிமிஷமும் ஒரு டம்ளர் வியர்வையும். இப்படி ஒவ்வொருவராக இறங்க இறங்க, மிச்சமிருந்தவர்களுக்கு இடது பக்கமும் இல்லாமல் போனது. "சைக்கிள் கேப்" என்ற சொல் மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. அந்த கேப்பில் இன்று போவது ஆட்டோ.

இது நம் ஊரின் தலையெழுத்து மட்டும் அல்ல. இன்று சைக்கிளுக்குப் பேர் போன நெதர்லாந்திலும் ஐம்பது, அறுபதுகளில் கார் வந்து சைக்கிளைத் தள்ளியது. 1971-ல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் 3,000 பேருக்கு மேல் சாலை விபத்தில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகுதான் தனித் தடங்கள் பெருகின. தானாக எதுவும் வரவில்லை.

நம்மிடமும் நல்ல காரியங்கள் நடக்காமல் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 2001-02-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டத்தால் கிராமத்துப் பெண் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கையே வகுத்தது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதமாவது அதற்கு என்று எழுதியும் வைத்தது. பல இடங்களில் பிளாட்பாரம் அகலமானது, மறுக்கவில்லை. என் வீட்டைச் சுற்றிய சாலைகளில் சைக்கிளுக்கென்று ஒரு முழத் தடம்கூட நான் பார்க்கவில்லை.

இப்போது சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட், பளபளக்கும் உடை, முன்னும் பின்னும் மின்னும் விளக்கு என்று மாமல்லபுரம் வரை போய் வருகிறவர்கள் ஒரு வகை. பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. இன்னொரு வகை, டீ கேன் கட்டியவர், பேப்பர் போடும் பையன், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி, நைட் டியூட்டி வாட்ச்மேன். இவர்கள் ஓட்டுவது உடம்புக்காக அல்ல, பஸ் காசு மிச்சம் என்பதற்காக. இவர்கள் வண்டியில் விளக்கு இருக்காது. கேட்பாரும் இல்லை.

விளக்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. 2017-ல் முட்டி வலி அதிகமாகி, 1974-ல் வாங்கிய என் ஹெர்குலஸை எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். கோட்டம் எடுத்து, ஓவராயில் பண்ணி, புது டயர் போட்டுத்தான் கொடுத்தேன். டைனமோ மட்டும் ரிப்பேர். கடைக்காரர், "இப்ப யாரு சார் டைனமோ போடறாங்க?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்த மார்கழியில் ஒருநாள் விடியுமுன் டியூட்டி முடிந்து போனவரை, மேம்பாலத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு கார் தட்டிவிட்டுப் போய்விட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. பார்க்கப் போனபோது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலை சார், ரிம்மு மட்டும் வளைஞ்சிருக்கு" என்று என்னைத் தேற்றினார் அவர். ஐந்து மாதம் வேலையில்லை. குடியிருப்பவர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் கொடுத்தோம். தட்டியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

தப்பு அந்தக் கார்க்காரர் மேல்தான், சந்தேகமில்லை. ஆனாலும் எதிர்க்காற்றில் இறங்கி நின்று திரி ஏற்றியவரின் மகன் நான். பேட்டரி விளக்கு ஒன்று வாங்க எவ்வளவு ஆகியிருக்கும்?

இப்போது எங்கள் அடுக்ககத்துக்கு சைக்கிளில் வரும் ஆறு பேருக்கும் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டியிருக்கிறோம். பேட்டரி மாற்றுவது என் பொறுப்பு. உங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துகிறவர் யாராவது இருந்தால், இன்று சாயங்காலம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அவர் வண்டியில் விளக்கு எரிகிறதா?