காய் பறித்தாயிற்று, செக்கு யாருடையது?



இன்றைக்கு இத்தாலி தேசத்து ஆலிவ் தோப்பைப் பற்றி உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன். நமக்குச் சம்பந்தமில்லாத மரம் எதற்கு என்று கேட்பீர்கள். மரம் வேறேதான். ஆனால், விளைந்ததை வைத்துக்கொண்டு ஆலை வாசலில் காத்துக் கிடக்கிற கதை உங்களுக்குப் புதிதாக இராது.

இத்தாலியின் நடுப்பகுதியில் டஸ்கனி என்று ஒரு சீமை. குன்றும் சரிவுமான நிலம். சின்னக் குடியானவர் என்றால் நூறு, இருநூறு மரம் வைத்திருப்பார். அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் முழுக்கப் பறிப்பு நடக்கும். மரத்தடியில் வலையை விரித்து, ஏணி போட்டு ஏறி, கையாலோ சீப்பு மாதிரியான கருவியாலோ கிளையைக் கோதிவிடுவார்கள். காய் பொலபொலவென்று வலையில் உதிரும். 100 கிலோ காயை ஆட்டினால் 12 முதல் 15 கிலோ எண்ணெய் தேறும்.

இதிலே ஒரு சிக்கல் பாருங்கள். எள்ளையும் கடலையையும் போல ஆலிவைக் காயப்போட்டு மூட்டை கட்டி வைக்க முடியாது. காயில் எண்ணெயோடு தண்ணீரும் ஏராளம். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துப்போகும். எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், வாடையடிக்கும். பறித்த காயைச் சுருக்காக ஆட்டிவிட வேண்டும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமா? இல்லை. கி.மு. 160 வாக்கில் ரோமாபுரியைச் சேர்ந்த கேட்டோ என்பவர் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 240 யூகேரா, அதாவது நம் கணக்கில் சுமார் 150 ஏக்கர் ஆலிவ் தோப்புக்கு 13 ஆள் வேண்டும் என்று அதிலே கணக்குப் போட்டிருக்கிறார். பறிப்புக்கு மட்டும் வெளியாட்களைக் குத்தகை பேசி அழைப்பது. அவர்கள் காயைத் திருடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவனுக்குக் கூலி கிடையாது! ஆசாமி கறார்ப் பேர்வழிதான். ஆனால் விஷயம் தெரிந்தவர். காய் கொட்டடியில் கிடந்தால் எண்ணெய் கூடும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே, உடனே ஆட்டு என்று அப்போதே எழுதி வைத்தார்.

இவ்வளவு தெரிந்திருந்தும் பிற்காலத்துக் குடியானவன் ஏன் காயை நாள்கணக்கில் குவித்து வைத்தான்? அறியாமை என்று படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் ஒப்ப மாட்டேன்.

டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நடந்தது வார சாகுபடி. நிலமும் வீடும் முதலாளியுடையது, பாடு குடியானவன் குடும்பத்துடையது, கண்டுமுதலில் ஆளுக்குப் பாதி. பெரும்பாலும் செக்கும் முதலாளியின் பண்ணை வீட்டில்தான் இருக்கும். மாடோ கழுதையோ கல்லை இழுக்க, அரைத்த விழுதை வட்டப் பாய்களில் தடவி, அடுக்கி, திருகு வைத்து அழுத்த வேண்டும். ஒரு ஈடு இறங்கவே மணிக்கணக்காகும். பத்துக் குடும்பத்துக் காயும் ஒரே சமயத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? முறை வரும்வரை காய் கிடந்து வேகத்தான் வேகும். எண்ணெய் கெட்டது குடியானவனுக்குப் புத்தி இல்லாததால் அல்ல, செக்கு அவன் கையில் இல்லாததால்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியானவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1948இல் சட்டப்படி அவர்கள் பங்கு நூற்றுக்கு 53 ஆயிற்று. கிளர்ச்சிக்குக் கிடைத்தது மூன்றே பங்கு! 1964இல் புதிதாக வாரத்துக்கு விடுவதே தடைசெய்யப்பட்டது. 1982 சட்டம் மிச்சமிருந்த வாரத்தைப் பணக் குத்தகையாக மாற்ற வழி செய்தது. ஆனால் அதற்குள் பாதி சனம் ஃபேக்டரி வேலைக்கு என்று பட்டணம் போய்விட்டது. இருந்தவர்களில் சிலர் நிலத்தை வாங்கினார்கள், சில இடங்களில் கூட்டுறவுச் செக்கு வைத்தார்கள்.

அப்புறம் 1985 ஜனவரி. சில இடங்களில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் கீழே இறங்கியது. லட்சக்கணக்கான மரங்கள் பட்டை வெடித்துக் கருகின. தோப்பைத் தோப்பாக அடியோடு அறுத்தார்கள். ஆனால் ஆலிவுக்கு வேர்க்கட்டையில் உயிர் இருக்கும். அது மறுபடி தழைத்தது. ஒரே தூரிலிருந்து இரண்டு மூன்று தண்டாக நிற்கிற மரங்களை இன்றும் அங்கே பார்க்கலாம். அவை அந்தக் குளிர் தின்று மிச்சம் வைத்தவை.

இப்போது செக்கெல்லாம் எஃகு இயந்திரம். கல்லும் பாயும் அநேகமாகப் போய், சுழல் யந்திரம் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கிறது. முதல்தர எண்ணெய்க்கு அமிலம் நூற்றுக்கு 0.8க்கு மேல் போகக்கூடாது என்று விதி. ஆனபடியால் பறித்த 24 மணிக்குள் ஆட்டிவிடப் பார்க்கிறார்கள். ஆலையில் முன்கூட்டியே நேரம் குறித்துக் கொள்ளலாம்.

இதிலும் சின்ன விவசாயிக்கு ஒரு முடிச்சு உண்டு. காய் குறைந்தபட்ச அளவு இல்லாவிட்டால் தனியாக ஆட்ட மாட்டார்கள், அடுத்தவன் காயோடு கலந்துவிடுவார்கள். எனவே சனி, ஞாயிறு என்றால் பட்டணத்துப் பிள்ளைகள், மருமக்கள், சிநேகிதர்கள் எல்லாரையும் தோப்புக்கு வரவழைத்து, ஒன்றிரண்டு நாளில் ஒரு ஈட்டுக்குக் காய் சேர்க்கிறார்கள். கூலி பணமாக இல்லை, மதியச் சாப்பாடும் ஒரு புட்டி எண்ணெயும்தான். இருட்டின பிறகு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனால், தன் எண்ணெய் குழாயில் பச்சையாக இறங்குகிறவரை கிழவர் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.