பிரம்பும் சட்டமும்

"முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பாடசாலைகளிலே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதற்கு விதிகளும் ஒழுங்குமுறைகளும் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இப்பழமொழியை ஏந்திக்கொண்டு சிலர் முன்வருகின்றனர். பிரம்பு நமது மரபு என்றும், அதனை மறுப்பது மேனாட்டு மோகம் என்றும் அவர்கள் வாதிடுகின்றனர். மரபின் பெயரால் எழுப்பப்படும் வாதத்தை வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் வேண்டும். நமது வகுப்பறையில் ஆசிரியரின் பிரம்புக்கு அதிகாரம் வழங்கியவர் யாவர்? அவ்வதிகாரம் எவ்வழியாக இந்நாட்டுக்கு வந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அன்பின் உறைவிடங்களாக இருக்கவில்லை. பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். குருவின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத, பிறப்பினால் மேல் கீழ் வகுத்த சமுதாயத்தில் இத்தகைய தண்டனைகள் தோன்றியதில் வியப்பில்லை. எனினும் அவை வழக்கத்தின் பாற்பட்டவை. ஆசிரியரின் அடி ஓர் அரசின் சட்டப்புத்தகத்திலே எழுதப்பட்ட உரிமையாக மாறியது ஆங்கிலேயர் ஆட்சியிலேதான்.

அவ்வுரிமையின் பிறப்பிடத்தை அறிய நாம் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1860-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தென்கரையிலுள்ள ஈஸ்ட்போர்ன் நகரில், தனியார் பாடசாலை நடத்திய தோமஸ் ஹோப்லி என்ற ஆசிரியர், பாடத்திற் பின்தங்கிய 15 வயது மாணவன் ஒருவனை அடித்துக் கொன்றார். அடிப்பதற்குத் தந்தையிடம் எழுத்து மூலம் அனுமதியும் பெற்றிருந்தார். நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் அவ்வழக்கை விசாரித்த தலைமை நீதியரசர் கொக்பேர்ன் ஒரு கோட்பாட்டையும் வகுத்தார். பெற்றோரும், அவர்களிடமிருந்து அதிகாரம் பெற்ற ஆசிரியரும் பிள்ளையைத் திருத்தும் பொருட்டு மிதமான, நியாயமான தண்டனை அளிக்கலாம். அளவு மீறினால் மட்டுமே அது குற்றமாகும் என்பதே அக்கோட்பாடு. பிள்ளையொருவன் மாண்டுபோன வழக்கிலேயே பிள்ளைகளை அடிக்கும் உரிமை நிலைநாட்டப்பட்டது. அளவு எது என்பதை அடிக்கும் கையே அடிக்கும் வேளையில் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 1883-ஆம் ஆண்டில் இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 341-ஆம் பிரிவு பலாத்காரம் எப்போது குற்றமாகும் என்பதை வரையறுக்கின்றது. விளக்கத்துக்கென அங்கே தரப்பட்ட உதாரணங்களுள் ஒன்று ஆசிரியரைப் பற்றியது. ஆசிரியர் ஒருவர் தமது தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனை அடித்தால் அது குற்றமாகாது என்கிறது அது. மாணவனுக்கு அச்சமூட்டும் கருத்து ஆசிரியருக்கு உண்டு என்பதையும் அவ்வுதாரணம் மறைக்கவில்லை. அச்சமூட்டலாம், ஆனால் அது சட்டவிரோதமன்று. ஆட்சியாளன் குடிகளை நோக்கும் நோக்கும் இதுவே அன்றோ!

பிள்ளைகளைக் காக்கவென்றே எழுந்த சட்டங்களும் இவ்வுரிமையைத் தொடவில்லை. இங்கிலாந்தில் 1889-ஆம் ஆண்டு பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அது பெருஞ் சாதனையே. ஆயினும் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையைத் தண்டிக்கும் உரிமையை இச்சட்டம் பாதிக்காது என்றொரு வாக்கியம் அதனுள் இடம்பெற்றது. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்வாக்கியம் இருந்தது. 1939-ஆம் ஆண்டில் இலங்கையின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம் வகுக்கப்பட்டபோது, ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் அதே வாக்கியம் கடல் கடந்து வந்து 71-ஆம் பிரிவில் அமர்ந்துகொண்டது. நமது மரபு என்று நாம் போற்றும் பிரம்பின் சட்டப் பரம்பரை இதுவாகும்.

ஆளும் வர்க்கத்துக்கு இவ்வாக்கியம் ஏன் தேவைப்பட்டது? இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னரே தொழிலாளர் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பாடசாலைக்குள் புகுந்தனர். 1880-ஆம் ஆண்டில் வரவு கட்டாயமாக்கப்பட்டது. எழுத்தும் கணக்கும் கற்பிப்பதோடு மணியோசைக்கு எழுந்து மேலாளரின் சொல்லுக்குப் பணியும் பழக்கத்தையும் அப்பாடசாலைகள் ஊட்டவேண்டியிருந்தன. தொழிற்சாலையில் மேற்பார்வையாளன் செய்த வேலையை வகுப்பறையில் பிரம்பு செய்தது.

அந்தப் பிரம்பைப் பிள்ளைகள் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணுவது தவறு. 1911-ஆம் ஆண்டு பிரித்தானியா எங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. ஆகஸ்து மாதத்தில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது இராணுவம் சுட்டு இருவர் மாண்டனர். அடுத்த மாதம் அதே ஊரில் மாணவன் ஒருவன் தண்டிக்கப்பட்டதைக் கண்டித்து அவனுடைய தோழர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் சென்றனர். சில நாட்களுள் பல நகரங்களிலே பிள்ளைகள் வீதிக்கு வந்தனர். பிரம்பை ஒழி, வகுப்பு நேரத்தைக் குறை என்பன அவர்களின் கோரிக்கைகள். அவ்வியக்கம் விரைவிலே அடக்கப்பட்டது. ஆனால் தம் தந்தையர் தொழிற்சாலை வாயிலிற் கற்றதை அப்பிள்ளைகள் பாடசாலை வாயிலிற் செய்து காட்டினர்.

பிரம்பின்றிப் பாடசாலை நடவாது என்பதையும் வரலாறு ஏற்கவில்லை. போலந்து நாடு 1783-ஆம் ஆண்டிலேயே பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. அக்டோபர்ப் புரட்சிக்கு அடுத்த ஆண்டு, 1918-இல், சோவியத்து அரசு வகுத்த உழைப்புப் பாடசாலை விதிகள் தண்டனைகளைத் தடைசெய்தன. இங்கிலாந்திலோ மாற்றத்துக்கு ஆசிரியரும் பெற்றோரும் போராட வேண்டியிருந்தது. 1968-ஆம் ஆண்டில் உடற்றண்டனையை எதிர்க்கும் ஆசிரியர் தமக்கெனச் சங்கமொன்று அமைத்தனர். ஸ்கொத்லாந்துத் தாய்மார் இருவர் தொடுத்த வழக்கில், 1982-ஆம் ஆண்டு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரித்தானிய அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1986-ஆம் ஆண்டு பொதுச்சபையில் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து பிரம்பு விலக்கப்பட்டது. தனியார் பாடசாலைகளுக்கான தடை 1998-இல் சட்டமாயிற்று. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த அந்த வாக்கியத்தையே 2004-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. உடையவன் கைவிட்ட பின்னரும் அதனை நாம் நமது மரபென்று காத்துவந்தோம்.

நமது நாட்டில் பாடசாலைப் பிள்ளையின் பாதுகாப்பு என்பது பிரம்போடு மாத்திரம் நின்ற பிரச்சினையுமன்று. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு வாங்கில் அமர முடியாமல் நிலத்தில் அமர்த்தப்பட்டனர். 1930-ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டுமென அரசு பணித்தபோது, உயர்சாதியினர் பலர் அதனை மூர்க்கமாக எதிர்த்தனர். சம ஆசனம் வழங்க முற்பட்ட பாடசாலைகள் சில தீக்கிரையாயின. பணிப்பு ஒன்று, நடைமுறை வேறொன்று. தாழ்த்தப்பட்ட மக்களும் அவர்களுக்குத் துணைநின்ற இளைஞரும் தொடர்ந்து போராடிய பின்னரே அந்தக் கட்டளை உயிர்பெற்றது. 1945-ஆம் ஆண்டின் இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்குப் பாடசாலையின் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன நேர்கின்றது என்ற வினாவோ நீண்டகாலம் எழுப்பப்படாமலே கிடந்தது.

அவ்வினா சட்டத்தின் மொழியில் எழுந்தது கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். 1991-இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 1995-இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையும் பாலியற் குற்றங்களும் புதிதாக வரையறுக்கப்பட்டன. 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை நிறுவியது. 2005-இல் கல்வியமைச்சு தனது 17-ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. அதே ஆண்டில் நீதிமன்றங்கள் குற்றவாளிகளுக்குக் கசையடி விதிக்கும் அதிகாரமும் சட்டத்தால் நீக்கப்பட்டது. இங்குள்ள முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். தீர்ப்பளிக்கப்பட்ட குற்றவாளியின் முதுகைச் சட்டம் காத்தது. மாணவனின் முதுகைச் சுற்றறிக்கையிடம் ஒப்படைத்தது. 1883-ஆம் ஆண்டின் உதாரணமோ சட்டப்புத்தகத்தில் அப்படியே இருந்தது.

சுற்றறிக்கையின் வலிமை எத்துணை என்பதைப் பின்வந்த வழக்கொன்று காட்டிற்று. 2017-ஆம் ஆண்டு தென்னிலங்கைப் பாடசாலையொன்றில் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பழுதுற்றது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், கொடூரமான, இழிவான நடத்துகையை விலக்கும் அரசியலமைப்பின் 11-ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 1,50,000 ரூபாவும் அரசு 5,00,000 ரூபாவும் நட்டஈடு செலுத்தப் பணிக்கப்பட்டனர். ஆசிரியரோடு அரசும் பொறுப்பாளியென்று கண்டதே இத்தீர்ப்பின் சிறப்பு. ஆனால் அப்போது சுற்றறிக்கைக்குப் பதினாறு வயது ஆகியிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பிள்ளைகளைக் காத்தவை மேலோரின் இரக்கமும் நற்சொற்களும் அல்ல. அதிகாரம் உடையோர் பதில் சொல்லவேண்டிய ஒழுங்குமுறை எங்கே அமைந்ததோ அங்கேதான் பிள்ளை காப்பாற்றப்பட்டது. பாடசாலைக்குள் பிள்ளை அஞ்சாமல் அணுகக்கூடிய ஒருவர் வேண்டும். சொன்னது அன்றே எழுத்தில் பதியப்பட வேண்டும். முறைப்பாடு அதிபரின் மேசை இழுப்பறையோடு நின்றுவிடாமல் வெளியே, அதிகாரசபைக்கும் பொலிசுக்கும் செல்ல வழி வேண்டும். முறையிட்ட பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றி விடயத்தை மூடுவது பாதுகாப்பாகாது. "பாடசாலையின் நற்பெயர்" என்ற திரைக்குப் பின்னால் அடி மட்டுமன்றிப் பாலியற் கொடுமைகளும் மறைக்கப்படுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்ட ஆசிரியருக்கும் நீதியான விசாரணை வேண்டும். வதந்தி எவரையும் தண்டிக்கலாகாது. முறையான நடைமுறை இருபாலாரையும் காக்கும்.

ஆசிரியத் தோழர்கள் சிலர் நம்மோடு முரண்படுவர் என்பதை நாம் அறிவோம். நெருக்கமான வகுப்பறை, பரீட்சைப் பெறுபேற்றுக்காக மேலிருந்து வரும் நெருக்குதல், போதாத சம்பளம் ஆகியவற்றின் நடுவே பிரம்பையும் பறித்தால் யாது செய்வது என்று அவர்கள் கேட்பர். அவர்தம் துன்பம் மெய்யே. அத்துன்பத்துக்குக் காரணமானவர்கள் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளல்லர். மேலிருப்போரிடம் பெற்ற அடியைக் கீழிருப்போரிடம் இறக்கிவைப்பது நம்மை ஆண்டவர்கள் விட்டுச்சென்ற ஒழுக்கம். சம்பளத்துக்கும் வகுப்பறைக்குமாகச் சங்கங்களிலே ஒன்றுதிரளும் ஆசிரியர், தமது கோரிக்கைப் பட்டியலில் பிள்ளையின் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். 1968-இல் இங்கிலாந்தின் ஆசிரியர் சிலர் அதனைச் செய்தனர். நமது ஆசிரியராலும் அது இயலும்.