மணி அடித்தால் திருப்பி அடிக்கணும்

பதுளை ரயிலில் ஹட்டனுக்கு வந்துபோகிறவர்கள் அந்த வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனில் ரயில் மெதுவாகும்போது எஞ்சினிலிருந்து ஒருவர் பெரிய வளையமொன்றைக் கீழே நிற்பவரிடம் நீட்டுவார், இன்னொன்றை வாங்கிக்கொள்வார். சுற்றுலா வந்தவர்கள் அதை வீடியோ எடுப்பார்கள். நாங்கள் மூட்டை இறக்குவதில் இருப்போம். அந்த வளையத்தோடு வரும் தோல் பைக்குள் வட்டமான ஒரு உலோகத் தட்டு இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களின் பேர் அதில் வெட்டப்பட்டிருக்கும். அதற்குப் பேர் டேப்ளட். (ஆமாம், விரலால் தேய்க்கிற டேப்ளட்டுக்கு மூத்தது.) அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான பாதைக்குள் நுழையக்கூடாது.

மலையக வரலாறு என்றால் கோப்பி, தேயிலை, கங்காணி, குடியுரிமை என்று எழுதுவோம். அந்த வரலாற்றோடு கூடவே மலை ஏறின கம்பியைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. அந்தக் கம்பியில் யார் பேசினார்கள், யாருக்குப் பதில் சொல்ல வழி இருந்தது என்று பார்த்தால், எங்களுக்குத் தெரிந்த வரலாறே கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் டேப்ளட். ரம்புக்கனைக்கு மேலே ரயில் பாதை ஒற்றைப் பாதை. ஏறுகிற வண்டிக்கும் இறங்குகிற வண்டிக்கும் அதே தண்டவாளம்தான். இங்கிலாந்தில் 1874இல் நோரிச் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில் இப்படியான பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தார்கள். தந்தி இல்லாத இடமல்ல அது. தந்தி உத்தரவைக் கையாண்டதில் குழப்பம். ரத்து செய்யச் சொல்லி அவசரமாகக் கம்பியடித்தபோது எதிர் ரயில் புறப்பட்டுவிட்டது. செய்தி போவது மட்டும் போதாது என்று அந்த விபத்து காட்டியது. 1878இல் எட்வர்ட் டையர் என்பவர் டேப்ளட் கருவிக்குக் காப்புரிமை எடுத்தார்.

அது வேலை செய்யும் விதம் இது. ஹட்டனிலும் கொட்டகலையிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. ஹட்டன்காரர் ரயில் அனுப்ப வேண்டுமென்றால் தன் பெட்டியில் அழுத்துவார், கொட்டகலையில் மணி அடிக்கும். எத்தனை அடி, எப்படி விட்டுவிட்டு அடித்தது என்பதுதான் செய்தி. கொட்டகலைக்காரர் சம்மதமென்றால் அதே மணியை அப்படியே திருப்பி அடிப்பார். அடித்துவிட்டுத் தன் பக்கத்துக் கட்டையை அழுத்திப் பிடித்தால்தான் ஹட்டன் பெட்டியிலிருந்து ஒரு டேப்ளட்டை வெளியே எடுக்க முடியும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டு கொட்டகலை பெட்டிக்குள் போய் விழும்வரை அடுத்தது வராது. அதாவது வாங்குகிறவர் சரி சொல்லாமல் அனுப்புகிறவரால் அனுப்பவே முடியாது. ஹட்டன் ஸ்டேஷன் மாஸ்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கொட்டகலையிலிருந்து ஒரு விரல் அழுத்த வேண்டும்.

இன்றைக்கு இதைத்தான் சீரியல் இணைப்பு என்கிறார்கள். சீரியல் என்றதும் வீட்டில் அம்மாமார் பார்க்கிறது ஞாபகம் வரும். அர்த்தமும் அதேதான், ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ஒரே கம்பியில் எழுத்துகளைத் துடிப்புகளாக உடைத்து வரிசையாக அனுப்புவது. மோர்ஸ் தந்தி அப்படி. 1870களில் பிரான்ஸின் எமில் போதோ ஐந்து ஐந்து துடிப்பாகப் பிரித்ததும் அப்படி. வேகத்தை அளக்கிற ‘போட்’ என்ற அலகு அவர் பேரிலிருந்து வந்தது. 1960இல் அமெரிக்காவில் ஆர்எஸ்-232 என்ற தரம் வந்தபிறகு, கணினியையும் மற்றக் கருவிகளையும் எப்படிக் கோர்ப்பது என்பதற்கு ஒரு பொது ஒழுங்கு கிடைத்தது. பொலிஸ், அம்புலன்ஸ் போன்ற சேவைகளில் வண்டிகளை அனுப்பும் ஆள் உட்கார்ந்திருக்கிற மேசை, அதாவது டிஸ்பாட்ச் கன்சோல், ரேடியோவோடு இந்த மாதிரிக் கம்பியில்தான் பல காலம் பேசியது. எந்த வண்டி கூப்பிடுகிறது என்ற இலக்கம் ரேடியோவிலிருந்து மேசைக்குப் போகும், கட்டளை மேசையிலிருந்து ரேடியோவுக்கு வரும்.

கோர்க்கிற வேலை கேட்க லேசு. குறைந்தது மூன்று கம்பி: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக எர்த் ஒன்று. இந்தப் பக்கத்து அனுப்பும் முனை அந்தப் பக்கத்து வாங்கும் முனையில் விழ வேண்டும். நேருக்கு நேர் கொடுத்தால் இரண்டு பேரும் பேசுவார்கள், இரண்டு பேருக்கும் கேட்காது. இரண்டு பக்கத்து வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். தூரமும் சிக்கல்தான். ஆர்எஸ்-232 கம்பி 15 மீட்டர் அளவுக்குத்தான் நம்பிக்கையானது. ரேடியோ ஒரு கட்டடத்திலும் மேசை இன்னொன்றிலும் இருந்தால், ஆர்எஸ்-422 மாதிரி ஜோடிக் கம்பியில் 1200 மீட்டர் வரை போகலாம். இதோடு இன்னும் இரண்டு கம்பி சேர்ப்பதுண்டு. ஒன்று ‘அனுப்பவா?’ என்று கேட்பது, மற்றது ‘அனுப்பு’ என்று சொல்வது. பொறியியல்காரர்கள் இதைக் கைகுலுக்கல் என்கிறார்கள். கொட்டகலைக்காரர் கட்டையை அழுத்திப் பிடித்தது இதைத்தான்.

சரி, இந்தக் கம்பி மலைக்கு எப்படி வந்தது? 1850களில் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் செய்தியைப் புறாக் காலில் கட்டிக் கொழும்புக்கு எடுத்தது. 1858இல் காலி–கொழும்புத் தந்தி வந்ததும் புறாவுக்கு வேலை போய்விட்டது. ரயில் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. கம்பியும் கூடவே ஏறியது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை. 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருக்க, ஹட்டனுக்கு ரயில் வந்து சேர்ந்த நேரம் மலையெல்லாம் தேயிலையாக மாறிக்கொண்டிருந்தது. லண்டன் விலை, கப்பல் நாள், எத்தனை பெட்டி, எத்தனை ஆள் வேண்டும் என்பதெல்லாம் கம்பியில் போனது. துரைமாருக்கும் கொழும்பு ஏஜென்சிகளுக்கும் அனுப்புகிற முனையும் இருந்தது, வாங்குகிற முனையும் இருந்தது.

லயத்துக்கு வந்தது வாங்குகிற முனை மட்டும். விடியக்காலையில் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும், இல்லாவிட்டால் கொம்பு ஊதும். கேட்டதும் போய் நிற்க வேண்டும். திருப்பி அடிக்கத் தப்பு யாருக்கும் கிடையாது. துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், அவர் கங்காணியிடம் சொல்வார், கங்காணி எங்கள் ஆட்களிடம் சொல்வார். கீழேயிருந்து மேலே எதாவது போக வேண்டுமென்றால் அதே ஆட்கள் வழியாகத்தான். அதில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கழுத்தில் தகர டிக்கெட்டோடு வந்தார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதை எழுத்தும் இலக்கமுமாக அதில் அடித்திருந்தார்கள். பயணச் செலவைத் தோட்டக் கணக்கில் எழுதவும், ஆள் வழிமாறாமல் போய்ச் சேரவும் அது போதுமாக இருந்தது. ஸ்டேஷனில் கைமாறுகிற டேப்ளட்டும் தகரமும் எங்களுக்கு ஒன்றாக ஞாபகம் வருகின்றன. இரண்டிலும் போய்ச் சேர வேண்டிய இடம் எழுதியிருக்கிறது. டேப்ளட் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து மணி வரும்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டு ஆட்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறு இடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. செய்தி அனுப்பப்பட்டது, அது உண்மை. எங்கே போய் விழுந்தது, வாங்கினவர் யார் என்பதில்தான் பிறகு ஆளுக்கு ஆள் கைகாட்டினார்கள். ஒற்றைப் பாதையில் ஒரு சரக்கு ரயில் போவதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்த ஒழுங்கு, லயத்தில் தூங்குகிற குடும்பங்களுக்கு 2014இல் இல்லை.

இனி 1990. இது ஆண்டு இல்லை, அம்புலன்ஸ் நம்பர். சுவ செரிய என்ற அந்த இலவச சேவை இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸோடு தொடங்கியது. மற்ற மாகாணங்களுக்கும் அதை விரிக்கப்போவதாக இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தது 2017 மே 12ஆம் திகதி, நோர்வூட்டில், எங்கள் சனங்களின் முன்னால். பிறகு அது நாடு முழுக்க வந்தது. தோட்டத்து லொறியில் பிரசவ வலியோடு போன அம்மம்மாமாரின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இந்தச் சேவையைக் குறைத்துப் பேச மாட்டோம். முதல் தடவையாக லயத்துக்கு அனுப்புகிற முனை கிடைத்தது இதில்தான் என்றுகூடச் சொல்லலாம். கையில் போன் இருந்தால் மேசையில் இருக்கிறவரை நேராகக் கூப்பிடலாம், துரையிடம் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் மேசை கேட்கிற முதல் கேள்வி ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்பது. லயத்துக்குத் தெருப் பேரும் இல்லை, கதவு இலக்கமும் பெரும்பாலும் இல்லை. பல தலைமுறையாகக் கடிதமே தோட்ட ஆபீசுக்குத்தான் வந்தது. அதோடு ஒரே தோட்டத்துக்கு இரண்டு பேர்: பலகையில் ஸ்கொட்லாந்துப் பேர், எங்கள் வாயில் தமிழ்ப் பேர். ஃபெர்குசன் டைரக்டரியில் தோட்டங்களின் தமிழ்ப் பேர்களையும் அந்தக் காலத்தில் போட்டிருந்தார்கள், ஆள் பிடிக்கவும் அனுப்பவும் அது தேவைப்பட்டது. இன்றைக்கு அம்புலன்ஸ் வரவழைக்கத்தான் அது தேவை.

மலையும் சும்மா விடாது. வாகன ரேடியோ அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது, ஒரு முகட்டில் வைத்த கோபுரத்துக்கு அடுத்த பள்ளத்தாக்கு தெரியாது. போன் கோபுரத்துக்கும் இதே கதை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது, கரண்டும் போனும் பல பகுதிகளில் ஒன்றாகப் போயின. 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையோடு தொடர்பு அறுந்தபோது விக்டர் குணதிலக்கவும் மற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களும் சிற்றலை ரேடியோவில் பேசித்தான் செய்தி எடுத்தார்கள். பெரிய கோபுரம் தேவைப்படாத அந்த மாதிரி ஏற்பாடு தோட்டங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கை இப்போது மூன்று நிறத்தில் வருகிறது. மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். அது பிரதேச செயலகப் பிரிவின் பேரில் வருகிறது. ஒரு பிரிவுக்குள் எத்தனையோ தோட்டம், ஒவ்வொரு தோட்டத்திலும் டிவிஷன்கள், ஒவ்வொரு டிவிஷனிலும் லயங்கள். ராத்திரி சிவப்பு வந்தால் மேல் டிவிஷன் கடைசி லயத்தில் அதை வாங்குகிறவர் யார்? வாங்கினேன், ஆட்களை இறக்கிவிட்டேன் என்று அவர் யாருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்? டிவிஷனின் தமிழ்ப் பேர், பலகைப் பேர், லய இலக்கம், செய்தி வாங்க இரண்டு ஆள், அவர்கள் திருப்பிக் கூப்பிட ஒரு நம்பர். ஒரு தோட்டத்துக்கு ஒரு கொப்பித் தாள் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதை எழுதத் தொடங்கலாம்.