புள்ளி வைத்தவர் யார்?

ஒற்றுப்பிழையைக் கண்டு புலவர் நெஞ்சம் புழுங்குவது இன்று தோன்றிய வழக்கமன்று. நாளிதழின் தலைப்பிலும், மணவிழா அழைப்பிதழிலும், நூலின் முகப்பிலும் வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமலும், மிகக் கூடாத இடத்தில் மிகுந்தும் நிற்பதைக் காணும்போது தமிழறிந்தோர் வெகுள்வர். அவ்வெகுளிக்கு ஒரு வரலாறு உண்டு. அது ஓலைச்சுவடியில் தொடங்குகிறது.

மெய்யெழுத்துகள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. எகர ஒகரக் குறில்களுக்கும் அவர் புள்ளியே கூறினார். ஆயினும் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. மெய்யும் உயிர்மெய்யும் ஒரே வடிவில் நின்றன; எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் மயங்கின; ரகரமும் காலும் வேறுபாடிழந்தன. ஆகவே, சுவடியைப் படிப்பவர் இலக்கணம் கற்றவராக இருந்தே தீரவேண்டும். ஓலையில் இல்லாத புள்ளியை அவரே தம் அறிவால் இட்டுப் படித்தார்.

அச்சு இந்நிலையை மாற்றியது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. வீரமாமுனிவர் (1680-1747) ஏகார ஓகார வடிவங்களைச் சீர்செய்தார். நாளடைவில் புள்ளியும் தாளில் நிலைபெற்றது. 1835இல் அச்சகக் கட்டுப்பாடு நீங்கியபின் தமிழரும் அச்சகம் நிறுவலாயினர். எழுத்தின் மயக்கம் நீங்க நீங்க, எழுதுபவரின் மயக்கம் வெளிப்படலாயிற்று. ஓலைக்காலத்தில் படிப்பவர் சுமந்த பொறுப்பு, அச்சுக்காலத்தில் எழுதுபவர் தோளுக்கு மாறியது.

அப்பொறுப்பின் அருமையை நன்குணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பிழையற்ற பதிப்புகளுக்கு அவர் பெயரே சான்றாயிற்று. கண்டன நூல்கள் பல எழுதிய அவர் சொற்போருக்கு அஞ்சியவரல்லர். எனினும், கடிந்துரைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. இலக்கணச் செய்திகளை எளிய உரைநடையில் தொகுத்து ‘இலக்கணச் சுருக்கம்’ இயற்றினார். மாணவர்க்குத் தேர்வு வினாக்களும் அமைத்தார். சூத்திரங்களை மனனம் செய்ய இயலாதவர்க்கும் புணர்ச்சி விதியைக் கற்க வழி பிறந்தது. பின்னர், இருபதாம் நூற்றாண்டில் இதழ்கள் பெருகிய காலத்தில், அ. கி. பரந்தாமனார் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்னும் நூலால் அப்பணியைத் தொடர்ந்தார்.

ஓர் ஒற்றுக்கு இத்துணை உழைப்பு வேண்டுமா எனச் சிலர் வினவுவர். ‘கீரைக் கடை’ என்பது கீரை விற்கும் இடம்; ‘கீரை கடை’ என்பது மத்தை எடுக்கச் சொல்லும் ஏவல். ‘வேலைக் கொடு’ என்றால் கைக்கு வருவது வேலாயுதம். ‘வேலை கொடு’ என்றால் பிழைப்புக்கு வழி. ‘நடுகல்’ மாண்ட மறவனுக்கு நட்டது; ‘நடுக்கல்’ நடுவே கிடப்பது. இவற்றுள் எச்சொல்லும் தன்னளவில் பிழையன்று, பொருளே மாறிவிடுகிறது. ஆதலின், சொற்களைத் தனித்தனியே சரிபார்க்கும் கணிப்பொறியும் இவற்றைக் காட்டிக்கொடாது.

இன்றைய இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. ஓலையைப் படித்தவரின் பயிற்சி இன்றைய வாசகரிடம் இல்லை. நாவலர் எதிர்பார்த்த பயிற்சி எழுதுவோர் பலரிடம் இல்லை. இடையே நின்று அச்சுப்படி திருத்துவோரும் அருகி வருகின்றனர். படிப்பவர் இட்டுக்கொள்வார் என எழுதுபவரும், எழுதியவர் இட்டிருப்பார் எனப் படிப்பவரும் இருந்துவிட, புள்ளி யாராலும் வைக்கப்படாமல் போகிறது.

புலவரின் வெகுளி நியாயமானதே. ஆனால், வெகுளி மட்டும் ஒரு புள்ளியையும் இட்டதில்லை. நாவலர் இட்ட புள்ளிகள் அவர் கற்பித்தமையால் நிலைத்தன. கவிதையோ கட்டுரையோ அச்சுக்குச் செல்லுமுன் அதனை மற்றொருவர் கண்ணுக்குக் காட்டித் திருத்திக்கொள்வதும், பிழை கண்டவிடத்து விதியையும் சேர்த்துச் சொல்வதும் தமிழ் எழுதுவோர் ஒவ்வொருவரின் கடமையாகும்.