ரொட்டி மாவும் மனித உயிரணுவும்

பினாங்கு வாழ் தமிழர்க்கு ரொட்டி பெங்காளி புதியதன்று. அதன் மாவைப் பொங்கச் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். மனித உடலில் உயிரணுக்கள் எவ்வாறு பிரிந்து பெருகுகின்றன என்பதை அறிஞர்க்கு உணர்த்தியதும் அந்த ஓரணு உயிரே. அவ்வறிவின் அடித்தளத்தில் சென்னையில் பயின்ற ஒருவரின் உழைப்பு உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதர் அணிந்ததனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாகத் தாழ்ந்த சான்றிதழே பெற்றார். 1923இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று, பிஸ்கே என்பாருடன் இணைந்து, உடற்பொருள்களில் பாஸ்பரஸை நிறங்கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அம்முறையின் துணையால் 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளை இருவரும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மானியரான லோமனும் அதனைத் தனியே கண்டறிந்தார்.

மூன்று பாஸ்பேட்டுகளைத் தாங்கியது ஏ.டி.பி. அவற்றுள் ஒன்றை எடுத்து வேறொரு புரதத்தில் பொருத்தும் நொதிகளே புரதக் கைனேஸ்கள். பாஸ்பேட் ஏறியதும் அப்புரதம் செயல்படத் தொடங்கும்; அல்லது செயலற்று அடங்கும். 1950களில் சியாட்டில் நகரில் பிஷரும் கிரெப்ஸும் இவ்வுண்மையைத் தசையில் கண்டனர்.

அதே நகரில் ஹார்ட்வெல், ரொட்டி ஈஸ்டில் உயிரணுப் பிரிவை ஆளும் மரபணுக்களை 1970 முதல் தேடினார். பிரிட்டனில் பால் நர்ஸ், ஆப்பிரிக்க மதுவில் கண்டெடுக்கப்பட்ட வேறுவகை ஈஸ்டில் சி.டி.சி.2 என்னும் மரபணுவை ஆராய்ந்தார். அது ஆக்கும் புரதம் ஒரு கைனேஸ் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மனிதரிடமும் அது உண்டா? 1987இல் மெலனி லீயும் நர்ஸும், அந்த மரபணு பழுதுற்றுப் பிரிய இயலாது நின்ற ஈஸ்டினுள் மனித மரபணுக்களைச் செலுத்தினர். அவற்றுள் ஒன்றைப் பெற்ற ஈஸ்ட் மீண்டும் பிரியலாயிற்று! நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே வழி பிரிந்த இரண்டு உயிரினங்களில் ஒரே கைனேஸ் ஒரே பணியைச் செய்து வந்திருக்கிறது.

டிம் ஹன்ட் 1982இல் கடல் முள்ளெலியின் முட்டையில் கண்ட சைக்ளின் என்னும் புரதம், இக்கைனேஸைத் தூண்டும் துணையாகும். சைக்ளின் சேரும்போது கைனேஸ் எழுந்து, உட்கருவின் உறையைக் கலைத்து, குரோமோசோம்களைச் சுருளச் செய்கிறது. பின்னர் சைக்ளின் அழிய, கைனேஸும் அடங்குகிறது. ஹார்ட்வெல், நர்ஸ், ஹன்ட் மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கட்டுப்பாடு குலைந்தால் விளைவது புற்றுநோய். இக்கைனேஸின் உறவுப் புரதங்களைத் தடுக்கும் பால்போசிக்லிப் என்னும் மருந்து, மார்பகப் புற்றுநோய்க்கென 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சுப்பாராவோ அதற்கு நெடுங்காலம் முன்பே அப்போரில் இறங்கியவர். உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் அமினோப்டெரின், அவர்தம் ஆய்வுக்குழு ஆக்கியது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அது தற்காலிக நலம் அளித்த செய்தி 1948இல் வெளியாயிற்று. அவ்வாண்டே அவர் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடவில்லை. ஆயினும் பாஸ்பேட்டை அளக்கும் ஆய்வுக்கூடங்களில் பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று அவர் பெயர் வழங்குகிறது.